இன்னும் எவ்வளவு தூரம்?

கும்பகோணத்துக்கு எவ்வளவு தூரம் என்று சென்னையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இத்தனை மைல், இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லுகிறவர் நூற்றில் ஒருவர் அகப்பட்டால் அதிசயம். "ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால், பொழுது விடியக் கும்பகோணம்" என்றுதான் பதில் வரும். பக்கத்துத் தெருவிலுள்ள கடையைப் பற்றிக் கேட்டாலோ, "கூப்பிடு தூரம்" என்பார்கள். தூரத்தை நேரத்தாலும் குரலாலும் அளந்துதான் நம்மவர்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் சரியா, தப்பா என்று நாம் வெகுகாலம் யோசித்ததில்லை. சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமையன்று சிங்கப்பூரில் விமானம் ஏறி நியூயார்க் நகரில் இறங்கும் வரையில், அதைப் பற்றி யோசிக்க நமக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது.

சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே நடுவில் எங்கும் இறங்காமல் செல்லும் விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனியார் 2020ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கினார்கள். தொடங்கிய போது, இடையில் இறங்காத பிரயாணிகள் விமான மார்க்கங்களில் உலகிலேயே மிக நீண்டது அதுதான். அதற்கு முன்னால் நியூயார்க்குக்கு அருகிலுள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு 2004 முதல் ஒரு விமானம் போய்க் கொண்டிருந்தது. அதற்கு நாலு என்ஜின்கள். நாலும் சேர்ந்து எண்ணெயைக் குடித்த குடியில் வரவுக்கும் செலவுக்கும் கட்டாமல், 2013இல் அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு 2018இல் இரண்டே என்ஜின் உள்ள புதிய விமானத்தைக் கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். நாம் ஏறியதும் அந்த ஜாதி விமானமே.

தூரம் எவ்வளவு என்பதை நேயர்கள் வீட்டிலிருந்தபடியே அளந்து பார்க்கலாம். குழந்தைகளிடம் பூகோள உருண்டை இருந்தால் வாங்கிக் கொள்ளுங்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றே கால் டிகிரிக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கிறது. நியூயார்க் சுமார் நாற்பதே முக்கால் டிகிரி வடக்கே. ஆனால் தீர்க்க ரேகையைப் பார்த்தாலோ, ஒன்று உலகத்தின் இந்தப் பக்கம், மற்றொன்று ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கம். ஆகவே ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால், அது கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. நேரே உச்சிக்கு ஏறி வட துருவத்தை உரசிக் கொண்டு மறு பக்கம் இறங்கும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88½ டிகிரி; துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49½ டிகிரி; ஆக 138. டிகிரி ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், 15,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தப் பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. ஆகையால், ஒரு மனிதன் தன் ஊரை விட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ, அதில் முக்கால் பங்கை இந்த விமானம் ஒரே மூச்சில் போய் விடுகிறது.

அந்த மூச்சுக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் தெரியுமா? விமானத்தின் வயிற்றில் 1,65,000 லிட்டர் கொள்ளும். புறப்படும் போது அதன் எடை 280 டன் வரை இருக்கலாம். தொட்டி நிரம்பியிருந்தால் ஏறக்குறையப் பாதி எடை எண்ணெய்தான். இதை அறிந்ததும் நமக்கு 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ஞாபகத்துக்கு வந்தது. அன்று ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் ஒரு சின்னஞ்சிறு விமானத்தை ஓட்டி வந்தார். வழியில் ஆமதாபாத்தில் இறங்கிய போது, அவருக்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! பம்பாயிலிருந்து அந்தத் தபாலை நெவில் வின்ஸென்ட் என்பவர் சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்த மாட்டு வண்டிக்கும் இந்த 1,65,000 லிட்டருக்கும் நடுவே நூறு வருஷம் கூட ஆகவில்லை.

விமானம் பகல் பன்னிரண்டரை மணி சுமாருக்குப் புறப்பட வேண்டும். ஆனால் அன்று சாங்கியில் இடியும் மின்னலுமாக மழை கொட்டிற்று. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடுபாதையே தெரியவில்லை. காத்திருந்த பிரயாணிகளில் சிலர் தூங்கினார்கள். சிலர் தொலைபேசியில் முகம் புதைத்திருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக் கொண்டே இருந்தார். எண்பது வயது மதிக்கத் தக்க அம்மையார். கைத்தறிச் சேலை, மேலே கம்பளிச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை.

நம்மைப் பார்த்ததும், "தம்பி தமிழா?" என்று கேட்டார். ஆம் என்றோம்.

"இந்த மழை எப்போது விடும்?"

வருண பகவானுக்கும் நமக்கும் அவ்வளவு பழக்கமில்லை என்றோம். அம்மையார் சிரிக்கவில்லை. நமக்குச் சற்று வெட்கமாய்ப் போயிற்று.

விமானத்துக்குள் ஏறிய போது, அவருக்கு அடுத்த ஆசனமே நம்முடையதாக இருக்கக் கண்டோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய ஒரே மகள் நியூயார்க்கில் குடும்பத்துடன் இருக்கிறார். மறு நாள், சனிக்கிழமை காலையில், அந்த மகளுக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை. ஐந்து மணிக்கெல்லாம் வீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி விடுவாராம். அதற்குள் தாயார் போய்ச் சேர வேண்டும். துணிப்பையில் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோவில் குங்குமம் இருந்தது. "புறப்படும் முன்னே அவள் நெற்றியில் என் கையால் இட்டு விட வேண்டும், தம்பி. மற்றதை அம்மன் பார்த்துக் கொள்வாள்" என்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது; தமிழும் மலாயும்தான். நடுவில் எங்கேயாவது இறங்கி வேறு விமானம் மாறுவது அவரால் ஆகாது. ஆகவேதான் பேரன் இந்த நேர் விமானத்தில் டிக்கெட் வாங்கி அனுப்பியிருந்தான்.

மழை விட்டு விமானம் கிளம்பும் போது மணி இரண்டரை. இரண்டு மணி நேரம் நஷ்டம்.

ஆசனத்துக்கு எதிரே இருந்த சிறு திரையில் பூகோளப் படம் ஒன்று தெரிந்தது. அதில் விமானம் ஓர் எறும்பைப் போல் ஊர்ந்து கொண்டிருந்தது. போக வேண்டிய தூரம், போக வேண்டிய நேரம் இரண்டும் எண்களாக மாறி மாறி வந்தன. அம்மையாருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும். ஆயினும் கால் மணிக்கு ஒரு தரம் நம்மைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார். நாம் கிலோமீட்டரைச் சொல்வோம். "அது இருக்கட்டும், எத்தனை மணி?" என்பார். கும்பகோணத்து வழக்கம்!

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நூல் பிடித்தால் வழி துருவத்தின் மேல் போகிறது என்றோம் அல்லவா? எங்கள் விமானமோ அந்த வழியில் போகவில்லை. ஜப்பான் பக்கமாகச் சென்று, பசிபிக் சமுத்திரத்தின் வட கோடியைக் கடந்து, கானடாவின் மேலே இறங்கி வந்தது. இப்படிச் சுற்றிப் போவதால் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டி விடுகிறது. ஆனால் நேரம் குறைகிறது! காரணம், காற்று. பூமியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுமார் உயரத்தில் மேற்கேயிருந்து கிழக்கு நோக்கி ஓயாமல் ஒரு காற்றாறு ஓடுகிறது. சில சமயம் அதன் வேகம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைக் கூட எட்டும். அந்த ஆற்றில் விழுந்து விட்டால் விமானத்துக்குக் கூலியில்லாத உதவி.

இந்தக் காற்றை முதன் முதலில் அளந்து சொன்னவர் ஜப்பானிய வானிலை விஞ்ஞானியான வாஸபுரோ ஓயிஷி. 1923 முதல் 1925 வரையிலான ஆண்டுகளில் தம்முடைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்க விட்டு, அவை போகும் வேகத்தைக் கணக்கெடுத்தார். உலகத்தார் யாவரும் படிக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்துடன், தம் முடிவுகளை 1926இல் எஸ்பெராண்டோ என்னும் பொது மொழியில் வெளியிட்டார். எல்லோருக்கும் பொதுவான மொழியாகையால் ஏறக்குறைய ஒருவரும் படிக்கவில்லை! 1944இல் ஜப்பான் மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்டுக் குறி தவறித் திண்டாடிய பிறகே, அதன் வலிமை உலகுக்கு நன்றாய் விளங்கிற்று. அன்று யுத்த விமானங்களைத் தடுமாற வைத்த காற்று, இன்று ஒரு தாயாரை மகளிடம் தள்ளிக் கொண்டு போயிற்று. "இழந்த நேரத்தில் ஒரு பகுதியைக் காற்று மீட்டுக் கொடுக்கும்" என்று விமானி அறிவித்ததை நாம் மொழிபெயர்த்துச் சொன்னதும், அம்மையார் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

புறப்பட்டு நாலு மணி நேரத்துக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்தது. நாம் சூரியனுக்கு எதிர்த் திசையில் ஓடுவதால் அந்த அவசரம். அம்மையாருக்கு வெள்ளிக்கிழமை ஒருபொழுது விரதம். ஜன்னல் வழியே சூரியன் மறைந்ததை நிச்சயப்படுத்திக் கொண்டு, பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. நமக்கும் இரண்டு கிடைத்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இட்லி சாப்பிடும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இரவு ஐந்து மணி நேரம்தான் இருந்தது. சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சிவப்புக் கோடு ஒன்று தோன்றிற்று. கீழே வெண்மேகம்; மேகத்தின் விளிம்பில் சூரியன்.

"சனிக்கிழமை பிறந்து விட்டதா?" என்று அம்மையார் பதறினார்.

"இல்லை, மறுபடியும் வெள்ளிக்கிழமை" என்றோம். தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டுகிறவர்களுக்கு ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது என்பதை நமக்குத் தெரிந்த மட்டில் விளக்கினோம்.

அம்மையார் வெகு நேரம் யோசித்தார். "அப்படியானால் இன்னொரு விரதமா?"

சாஸ்திரம் எழுதிய பெரியவர்கள் இந்த விமானத்தில் ஏறியதில்லையே! நாம் விழித்தோம். கடைசியில் அவரே தீர்ப்புச் சொல்லி விட்டார்: "நாள் ஒன்றுதான். கொஞ்சம் நீளமான நாள். விரதம் முடிந்தது முடிந்ததுதான்."

வெளிச்சம் வந்ததும் பேச்சும் வந்தது. 1962இல் பதினேழு வயதில் கல்யாணம் செய்து கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி அவர் சிங்கப்பூர் வந்தவராம். ராஜுலா கப்பல். 1926இல் கட்டப்பட்டு, 1973 வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்து கொண்டிருந்த அந்தக் கப்பலை அறியாத பழைய குடும்பம் மலாய் நாட்டிலும் இல்லை, தஞ்சை ஜில்லாவிலும் இல்லை. கரையை ஒட்டிக் கப்பல் வர முடியாதாகையால், படகில் போய் நடுக்கடலில் ஏற வேண்டும். பிறகு எட்டு நாள்.

இதைக் கேட்டதும் நமக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பத்திரிகைக்காரனுடைய வியாதி அது. "அதுவல்லவா பிரயாணம்! எட்டு நாள் கடலையும் வானத்தையும் பார்த்துக் கொண்டு, பக்கத்தில் இருப்பவரோடு உறவு கொண்டாடிக் கொண்டு, மனசும் உடம்போடு கூடவே போய்ச் சேரும்! இப்போது என்ன, பார்சலைப் போல் மனிதர்களை அனுப்புகிறார்கள்!" என்று பொரிந்து தள்ளினோம்.

அம்மையார் நம்மைக் கோபித்துக் கொள்ளவில்லை. "கடலை எங்கே பார்த்தேன், தம்பி? மூன்று நாள் தலை தூக்க முடியவில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து மேலே சொன்னார்.

1967இல் ஒரு நாள் ஊரிலிருந்து தந்தி வந்தது. தாயாருக்கு உடம்பு மோசம், உடனே வா என்று. புருஷர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கூலி வேலை. விமானம் அப்போதும் இருந்தது. ஆனால் அந்த டிக்கெட்டுக்கு அவருடைய ஆறு மாதச் சம்பளம் வேண்டும். கப்பலை விசாரித்தார்கள். அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. அப்புறம் கடலில் எட்டு நாள். கப்பல் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னதாகவே இரண்டாவது தந்தி வந்து விட்டது. பிறகு போய் என்ன? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து விட்டார்கள். நாலு வருஷம் கழித்து ஊருக்குப் போன போது, திண்ணையில் தாயார் உட்காரும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்ததாம். "அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கப்பல் வருகிற திசை அதுதான்."

பிறகு திரையைச் சுட்டிக் காட்டினார். "பத்தும் எட்டும் பதினெட்டு நாள், தம்பி. இதில் பதினெட்டு மணி."

நாம் வாயை மூடிக் கொண்டோம். மெதுவான பிரயாணத்தின் அழகைப் பாடுகிறவர்கள் எல்லாரும், கையில் தந்தியை வைத்துக் கொண்டு கப்பலுக்குக் காத்திராதவர்கள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

ஆனால் இன்னொன்றும் விளங்கிற்று. இந்த விமானத்தில் மொத்தம் 161 ஆசனங்கள். 67 உயர்ந்த வகுப்பு. 94 நடுத்தர வகுப்பு. சாதாரண வகுப்பு கிடையாது. அவ்வளவு எண்ணெயைச் சுமந்து கொண்டு அதற்கு மேல் ஆட்களைச் சுமக்க முடியாது. குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றினால் கட்டுப்படியும் ஆகாது. கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தார்களே, அந்த ஏழை ஜனங்களுக்கு இதில் இடமில்லை. துறைமுகத்துக் கூலிக்காரர் ஒருவருக்கு இன்று அமெரிக்காவிலிருந்து அத்தகைய செய்தி வந்தால், அவருக்கு இது பதினெட்டு மணிப் பிரயாணம் அல்ல, எட்டாத பிரயாணம். மகள் படித்து முன்னுக்கு வந்ததால் தாயாருக்கு ஊர் கிட்ட வந்தது. பூகோள உருண்டையின் மீது நூல் வைத்து அளக்கும் போது இந்தத் தூரம் தெரிகிறதில்லை.

பனி மூடிய மலைகள், உறைந்த ஏரிகள், பிறகு எல்லையில்லாத காடு, பிறகு கட்டம் கட்டமாக வயல்கள். இப்படியே கானடா முழுவதும் காலடியில் நழுவிற்று. அம்மையார் குங்குமப் பொட்டலத்தை ஒரு தரம் எடுத்துப் பார்த்து விட்டு மறுபடியும் வைத்துக் கொண்டார். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பது மட்டும் நின்று விட்டது. திரையையே பார்த்துக் கொண்டிருந்தார்.

சக்கரம் தரையில் பட்ட போது நம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். எட்டே கால். பதினேழே முக்கால் மணி நேரம் பறந்திருக்கிறோம். ஊருக்கு ஏற்ப முள்ளைத் திருப்ப வேண்டுமே என்று எண்ணிச் சுவர்க் கடிகாரத்தைத் தேடினால், அதிலும் எட்டே கால்! கோடை மாதங்களில் இரண்டு ஊர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். அங்கே சனிக்கிழமை காலை எட்டே கால். இங்கே வெள்ளிக்கிழமை மாலை எட்டே கால். அன்றைய சூரியன் இரண்டாம் தடவையாக அஸ்தமித்துக் கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு இன்னும் எட்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

வெளியே ஓர் உயரமான பையன் ஓடி வந்து பாட்டியைக் கட்டிக் கொண்டான். அம்மையார் நம்மைக் காட்டி, "இந்தத் தம்பிதான் வழி முழுக்க மணி சொன்னார்" என்றார். நம்முடைய எழுத்துக்களுக்குக் கூட இத்தகைய நற்சாட்சி கிடைத்ததில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பையனிடமிருந்து சமாசாரம் வந்தது. சிகிச்சை நன்றாக நடந்து, தாயார் வீடு திரும்பி விட்டாராம். பாட்டி அன்றிரவு தூங்கவே இல்லை. மூன்றரைக்கே குளித்து விட்டு, வாசற்படிக்கு அருகே நாற்காலியைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்து விட்டாராம்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம் என்று சிநேகிதர்கள் இப்போது நம்மைக் கேட்கிறார்கள். 15,300 கிலோமீட்டர் என்றும் சொல்லலாம். பதினெட்டு மணி என்றும் சொல்லலாம். இரண்டும் பிசகில்லை. ஆனால் நாம் கும்பகோணத்து வழக்கப்படியே பதில் சொல்லி வருகிறோம்: "அங்கே மத்தியானம் ஏறினால், இங்கே மகள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் குங்குமம் இடலாம்."